சந்தர் ரோட்டு மகாராணி

அவளுடைய பெயர் பரமேஸ்வரி என்றுதான் சந்தர் ரோட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தப் பெயர் வந்த கதை வேறு. அவள் மலாய்ப் படங்களில் ராணியாக நடித்தவள். ராணிக்கு மலாயில் பெர்மாய்சூரி என்று சொல். கெய்லாங் பக்கத்து மலாய்க்காரர்கள் அவளைத் தெருவில் கண்டால் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதைக் காதில் வாங்கிய நம் ஆட்கள், பாவம் இவர்களுக்குப் பரமேஸ்வரி என்று சரியாகச் சொல்ல வரவில்லை என்று முடிவு செய்து, தாங்களே திருத்திக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மறுக்கவில்லை. மறுப்பது என்பது அவளுக்கு வராத காரியம். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியும். அவளே புழங்காத பெயரை நான் எடுத்து எழுதுவது முறையில்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் கப்பலேறி நான் சிங்கப்பூர் வந்தது ஐம்பதுகளின் நடுவில். என் கணவருக்கு சிராங்கூன் ரோட்டில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. குடியிருப்பு, சந்தர் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் ஓர் அறை. அடுத்த அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் வைக்கலாம், அவ்வளவு நெருக்கம்.

வந்த புதிதில் ஒரு காலை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். பலகைக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. யாரையோ வெட்டிப் போடச் சொல்வது போன்ற குரல். பாஷை புரியவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தமிழ் போலக் காதில் விழுந்தது. பெத்தா, பெத்தா. யாரோ பிள்ளை பெற்றதற்கு இவ்வளவு கோபமா என்று பதறி எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. சாயம் போன சாரோங்கும் ரவிக்கையுமாக ஒல்லியாக ஒருத்தி, கவிழ்த்த மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டிக்கு மரண தண்டனை விதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்துவிட்டாள்.

சத்தமாக இருந்ததா என்று கேட்டாள். மன்னித்துக்கொள்ளச் சொன்னாள். பசியாறியாகிவிட்டதா என்று கேட்டாள். மூன்றையும் ஒரே மூச்சில், அவ்வளவு சின்னக் குரலில் சொன்னாள். சற்று முன் கர்ஜித்தது உள்ளே இருக்கும் வேறு யாராவதோ என்று நான் அறையை ஒருமுறை கண்ணால் துழாவினேன்.

பெத்தா என்றால் மலாயில் 'நான்' என்று அர்த்தமாம். அரச குடும்பத்தார் மட்டும் சொல்லக்கூடிய நான். நம்மைப்போன்றவர்கள் சொன்னால் சிரிப்பார்கள் என்றாள். ஊரிலிருந்து புதிதாக வந்தவள் கேட்கும் கேள்வியை நான் உடனே கேட்டேன். உங்களுக்குக் குழந்தைகள் எத்தனை?

"பெத்தான்னு வாயால சொல்றதோட சரிம்மா" என்றாள் அக்கா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டு, அறைக்குத் திரும்பி வந்தபிறகுதான் சிரித்திருக்கக்கூடாது என்று உணர்ந்தேன்.

அவள் ஜோகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவைப் பார்த்ததில்லை. அவளுடைய கணவர் துறைமுகத்தில் கிராணி, நம் ஊர்க் குமாஸ்தா மாதிரி. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, பாலீஷ் போட்ட சப்பாத்து, எதையும் ஒரே தடவைதான் சொல்வது என்று ஒரு கொள்கை. கை நீட்டும் ஆள் இல்லை. குடித்ததில்லை. அதனாலேயே அவரைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவரிடம் மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்டால், பாலஸ்டியர் ஸ்டூடியோவில் தையல் வேலை என்பார். அது பொய்யும் இல்லை. அவள் அங்கே தையல்காரியாகத்தான் போய்ச் சேர்ந்தாள். ராஜாராணிப் படங்களுக்குச் சரிகை வைத்து உடுப்புத் தைப்பது வேலை. தைத்த உடுப்பை நடிகைக்குப் போட்டுப் பார்க்க முடியாத நாட்களில் அவளே போட்டுக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் ராணியாக நடிக்க வேண்டியவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டில் ஏதோ தகராறாம். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். ராணியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒருத்தி மூலையில் நின்றிருந்தாள். ஏறி உட்கார் என்றார். உட்கார்ந்துவிட்டாள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் சிம்மாசனம் ஏறிய கதை இது.

அதன்பிறகு அந்தச் சிம்மாசனத்திலிருந்து அவளை இறக்க ஆளில்லை. கெட்ட ராணி என்றால் அவள்தான். மூத்தாள் பிள்ளைக்கு நஞ்சு வைப்பாள், தளபதியைச் சிறையில் தள்ளுவாள், கடைசியில் பாம்பு கடித்தோ படிக்கட்டில் உருண்டோ சாவாள். கதாநாயகிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணமானது, உடம்பு பெருத்தது, வேறு ஊருக்குப் போனார்கள். கெட்டவளுக்கு வயதானாலும் பாதகமில்லை. அதுவும் ஒரு சௌகரியம் என்பாள் அக்கா.

சௌகரியமில்லாததும் உண்டு. ஒரு தடவை அவளும் நானும் கெய்லாங் சந்தைக்குப் போயிருந்தோம். ஒரு மலாய்க்கார அம்மாள் அக்காளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, போன படத்தில் அந்தப் பச்சைப்பிள்ளைக்கு நஞ்சு வைத்தாயே, உனக்கு நெஞ்சில் ஈரமில்லையா என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அது நடிப்பு என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாள். அடுத்த படத்தில் அப்படிச் செய்யமாட்டேன் என்று வாக்கு வேறு கொடுத்தாள். அந்த அம்மாள் சமாதானமாகி, ஒரு சீப்பு வாழைப்பழம் கையில் கொடுத்து அனுப்பினாள். அடுத்த படத்தில் குழந்தையை ஆற்றில் விட வேண்டியிருந்தது. கொடுத்த வாக்கு அவளை உறுத்தியது. டைரக்டரிடம் போய், குழந்தையைக் கரையிலேயே வைத்துவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறாள். அவர் போட்ட சத்தத்தில் விளக்கு பிடித்தவர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டாராம்.

டைரக்டர் மதராஸிலிருந்து வந்தவர். மலாயில் அவருக்குத் தெரிந்தது சில சாப்பாட்டுச் சொற்கள் மட்டும். ஸ்டூடியோவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அவர் திட்டினால் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மிகச் சிலர். அதில் எதிர்த்துப் பேசாதவள் இவள் ஒருத்தி. எனவே மந்திரி வசனத்தை மறந்தாலும், குதிரை மிரண்டாலும், மழை வந்தாலும் திட்டு இவளுக்கு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். பிறகு போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, வாங்கியதை மலாயில் மந்திரியின் தலையில் இறக்குவாள். இதை ஒரு தொழில் ரகசியமாகத்தான் என்னிடம் சொன்னாள்.

"எனக்குக் கோபப்படத் தெரியாதும்மா. யார் எப்படிக் கோபப்படுறாங்கன்னு பாத்து வச்சுக்குவேன். அவ்வளவுதான்."

தெருவுக்கு இது போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடமில்லை என்றால், வாடகை வசூலிக்க வருபவர் குழாயை அடைத்தால், அக்காளைக் கூட்டிக்கொண்டு போவார்கள், வக்கீலைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி. அதை நான் முதலில் பார்த்தது தேக்கா மார்க்கெட்டில். ஒரு மீன்காரர் என் தலையில் கெட்டுப்போன கெளுத்தியைக் கட்டிவிட்டார். எனக்கு மலாய் வராது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் நாற்றம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா பார்த்தாள், வா என்று கூட்டிக்கொண்டு போனாள். முதலில் அவருடைய கடை முன்னால் நின்று தன் சொந்தக் குரலில் ஏதோ சொன்னாள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். தோள் உயர்ந்தது. முகவாய் உயர்ந்தது. கண் அவருடைய முகத்தைப் பார்க்காமல் தலைக்கு ஒரு சாண் மேலே எங்கோ போய் நின்றது. தொண்டையை ஒருமுறை செருமினாள். பெத்தா என்று ஆரம்பித்தாள்.

முழு அரண்மனை மலாய். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை வைத்துவிட்டார்கள். கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, மீன் செதில் ஒட்டிய இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே குவித்து, படத்தில் குடிமக்கள் சொல்வார்களே, "அம்புன் துவாங்கு", மன்னியுங்கள் மகாராணி, அதைச் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாரா பயந்து சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல மீன் வந்தது.

மார்க்கெட்டை விட்டு வெளியே வந்ததும் அக்கா கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கொஞ்சம் பொறு என்றாள். அப்போதுதான் அவளுடைய கூடையைப் பார்த்தேன். காலையில் அதே மீன்காரரிடம் அவளும் வாங்கியிருக்கிறாள். அதே கெளுத்தி, செவுள் வெளுத்துப்போனது. இதையும் மாற்றியிருக்கலாமே அக்கா என்றேன்.

"இது எனக்குத்தானே. புளி கூடப் போட்டாச் சரியாயிடும் லா."

புளி கூடப் போட்டும் சரியாகவில்லை. அன்று மாலை பலகைச் சுவருக்கு அப்பால் தட்டில் ஏதோ வைக்கும் ஓசை கேட்டது. கிராணியாருக்குச் சாப்பாடோ கோப்பியோ பிடிக்காவிட்டால் வாயால் சொல்லமாட்டார். தொண்டையைச் செருமுவார். மனைவியின் தலைக்கு மேலே சுவரைப் பார்ப்பார். பாதி குடித்த கோப்பையை அப்படியே தட்டில் கவிழ்த்து வைப்பார். மேசையெல்லாம் கோப்பி ஓடும். அவள் துடைப்பாள். புதிதாகப் போட்டுக் கொண்டுவருவாள். ஒரு வார்த்தைகூடப் பேச்சு நடக்காது. பலகைச் சுவரின் இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன். பார்க்கக்கூடாதுதான்.

அவளுடைய படம் எதையும் அவர் பார்த்ததில்லை. தையல்காரியின் கணவர் படம் பார்க்க என்ன அவசியம்? ஆனால் ஒரு படம் மிக நன்றாக ஓடியது. துறைமுகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த மலாய்க்காரர்கள் தாங்களே டிக்கெட் எடுத்து, துவான், அதாவது ஐயா, கட்டாயம் வரவேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். மறுக்க வழியில்லை. அவரும் அக்காளும், நானும் என் கணவரும் போனோம். தெருவில் பாதிப் பேர் எங்களுக்குப் பின்வரிசையில்.

படத்தில் ராணி முதன்முதலாகத் தொண்டையைச் செருமியபோது என் கணவர் என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை. ராணி மந்திரியின் தலைக்கு மேலே பார்த்தாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அடுத்து தோழி பானம் கொண்டுவந்தாள். ராணி ஒரு வாய் குடித்தாள். சற்று யோசித்தாள். கோப்பையைத் தங்கத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். பானம் வழிந்து ஓடியது. தோழியைக் காவலர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பின்வரிசை முழுவதும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. மீதித் தியேட்டர் முழுவதும் பயத்தில் மூச்சுவிடாமல் இருந்தது. சந்தர் ரோட்டுக்காரர்களுக்கு மட்டும் சிரிப்பு ஏன் என்று சுற்றியிருந்தவர்கள் முறைத்தார்கள்.

நான் அக்காளைப் பார்த்தேன். மடியில் கையை வைத்துக்கொண்டு சேலை முந்தானையை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். கிராணியார் கொஞ்சமும் அசையாமல், மிக உன்னிப்பாகப் படம் பார்த்தார்.

வெளியே வந்ததும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் செருமினார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கே. ஆனா இயற்கையா இல்ல. நெஜத்துல யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க."

"சரிங்க" என்றாள் அக்கா.

என் கணவர் செருப்பு வார் அறுந்துவிட்டதாகச் சொல்லிக் குனிந்துகொண்டார்.

இப்படியே போயிருக்கலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் கிராணியாருக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்த ஊரில் அவருடைய அண்ணன் வீடு கட்டி முடித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி வராந்தாவில் என் கணவரோடு பேசிக்கொண்டிருந்தவர், இந்த வருஷக் கடைசியில் நாங்கள் ஊருக்கே போய்விடுகிறோம் என்றார். அக்கா அப்போது கோப்பி கொண்டுவந்தாள். தான் ஊருக்குப் போகப்போவதை அவள் அந்த வாக்கியத்தில்தான் தெரிந்துகொண்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அது அவர் தப்பில்லை. அத்தனை வருஷமும் அவளுடைய சம்மதம் அந்த மாதிரித்தான் இருந்தது.

மறுநாள் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அங்கே யாரையுமே தெரியாது என்றாள். அவருடைய அண்ணன் மனைவியின் சமையலறையில் கடைசிவரை ஓர் ஓரத்தில் நிற்கவேண்டும் என்றாள். ஸ்டூடியோவில் அடுத்த படத்துக்கு உடுப்பு அளவெடுத்தாகிவிட்டது என்றாள். நீங்கள் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். எப்படிச் சொல்வது என்று கேட்டாள். கடையில் சாமான் எப்படிக் கேட்பது என்று தெரியாதவள் கேட்பது மாதிரி, உண்மையாகவே வழி கேட்டாள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மார்க்கெட்டில் நின்றீர்களே, அப்படி நில்லுங்கள். அந்த ராணி சொல்வது மாதிரிச் சொல்லுங்கள். அவர் என்ன, அவர் அப்பாவே பதில் பேசமாட்டார் என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள்.

"அது அவரோட கோபம்மா. அவர்கிட்டருந்து எடுத்ததை அவர்கிட்டயே எப்படிக் காட்டறது?"

தெருவில் மற்றவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு வசனம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெரிய காட்சி நடக்கப்போகிறது என்று சந்தர் ரோடு நம்பிக்கையோடு காத்திருந்தது. சாயங்காலங்களில் மாடிப்படிக்குக் கீழே காரணமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். நானும் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி பொறுக்கினேன். ஒரு நாள் அவள் தனியாக இருந்தபோது, பெத்தா என்று ஒரு குரல் எழுந்தது. மாடிப்படியில் சப்பாத்து ஓசை கேட்டது. குரல் அடங்கிவிட்டது. அவ்வளவுதான். பெட்டிகள் வந்தன. அவள் அடுக்கினாள். டிக்கெட் வந்தது. கிராணியார் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெரு ஏமாற்றத்துடன் கலைந்து போனது.

கப்பல் புறப்பட்ட அன்று தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் பத்திருபது பேர் போனோம். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் மாலைகளோடு வந்து, கப்பலேறும் படிக்கட்டுக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக நின்றிருந்தார்கள். பெரிய பெட்டிகள் முன்னாலேயே ஏற்றப்பட்டிருந்தன. அக்கா நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதை அவரிடம் கொடுத்தாள். அவர் மாலையெல்லாம் வாங்கிக்கொண்டு படியேறினார். மனைவி பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. எப்போதும் வருவாள். பாதிப் படியில், டிக்கெட் பார்க்கிறவர் எத்தனை பேர் என்று கேட்டபோதுதான் திரும்பினார்.

அக்கா கீழேயே நின்றிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

வா என்று தலையால் காட்டினார். அவள் ஏதோ சொன்னாள். சாமான் தூக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் கேட்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு நாலைந்து படி கீழே இறங்கி வந்தார்.

"என்ன, எதையாவது மறந்துட்டியா?"

"நான் வரலீங்க" என்றாள் அக்கா.

இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றவா என்று கேட்பாளே, அதே குரல். தோள் உயரவில்லை. முகவாய் உயரவில்லை. வயிற்றுவலி மாத்திரை துணிப்பையில் மேலாக இருக்கிறது, பெட்டியில் வெள்ளைச் சட்டைகளை அடியில் வைத்திருக்கிறேன், ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைத்த உடுப்புகள் தனியாகக் கட்டியிருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே போனாள். உன் சாமான் எங்கே என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றாள். நாங்கள் ஏற்றி அனுப்பிய பெட்டிகள் எல்லாமே அவருடையவை என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவள் பெட்டி அடுக்கியதை நான் வாரக்கணக்கில் பலகை இடுக்கில் பார்த்திருக்கிறேன். எதை அடுக்கினாள் என்று பார்க்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். வழக்கம்போல அவள் தலைக்கு மேலே பார்த்தார். அன்று அங்கே சுவர் இல்லை. துறைமுகத்து ஆட்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டு அவரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். கிராணியார் அந்த வரிசையை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் சிரித்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார். அவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"அம்மா அடுத்த கப்பல்ல வருவாங்க. ஒரு படம் பாக்கி இருக்கு. இவங்க இல்லாம முடிக்க முடியாதுன்னு டைரக்டர் கையப் பிடிச்சுக்கிட்டார்."

துறைமுகத்து ஆட்கள் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் தையல் வேலை என்று சொல்லி வந்தவர், அத்தனை பேர் முன்னால் மனைவிக்கு மரியாதை போட்டுப் பேசிவிட்டு, மாலைகளைச் சரிசெய்துகொண்டு படியேறினார். மேல்தளத்தில் நின்று கையசைக்கவும் செய்தார். கப்பல் நகரும் வரை அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண் துடைத்தாள். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு அங்கே யார் கோப்பி போடுவார்கள் என்று உண்மையாகவே கவலைப்பட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பெரிய காட்சியை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, நடந்தது அதுதானா என்று சந்தேகம். பாதி வழியில் அக்காதான் பேச்செடுத்தாள்.

"நல்லாப் பண்ணினார். சிரிப்பு மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு."

அடுத்த கப்பல் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், கிராணியார் கூடத்தில் அக்காளின் படத்தை, ராணி உடுப்பில் எடுத்ததை, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். வருகிறவர்களிடமெல்லாம் சிங்கப்பூரில் என் சம்சாரம் பெரிய நட்சத்திரம், படம் முடிந்தபாடில்லை என்று சொல்கிறாராம். அவள் வருஷா வருஷம் அவருக்குச் சட்டை தைத்து அனுப்பினாள். அறுபதுகள் முடிவதற்குள் ஸ்டூடியோ மூடப்பட்டது. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்துவிட்டது. அவளுடைய பழைய படங்கள் அதில் ஓடின. அவள் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைத்தாள். நாளைக்கே வேண்டும் என்று நிற்கிறவர்களிடம் முடியாது என்று சொல்ல அப்போதும் அவளுக்கு வரவில்லை. நான்தான் சண்டை போட்டு அவர்களை அனுப்புவேன். ஒரு கணவரை ஒற்றை வாக்கியத்தில் கப்பலேற்றியவள், ஒரு ரவிக்கைக்குப் பயந்தாள் என்றால் நம்பமாட்டீர்கள்.

இதெல்லாம் பிறகு. கப்பல் புறப்பட்டதற்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்பே அவளுடைய அடுப்பில் வெந்நீர் கொதிக்கும் ஓசை கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். அன்று கேட்கவில்லை. நன்றாக வெயில் ஏறிவிட்டது. தெருவில் பால்காரர் போனார், ரொட்டிக்காரர் போனார். பலகைக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. ஏதாவது செய்துகொண்டுவிட்டாளோ என்று ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அக்கா, அக்கா என்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு விரல்கடை திறந்தது. தலை கலைந்து, கன்னத்தில் பாய் பதிந்திருந்தது. இருட்டைவிட்டு வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"தூங்கறேன்ல? எதுக்கு இப்படிப் போட்டுத் தட்டறே?" என்றாள். "இப்பப் போ. அப்புறம் வா."

கதவு சாத்திக்கொண்டது. நான் போனேன்.